ஓஸ்லோவை நடந்தே பார்க்க முடியுமா? அம்மாவும் உடன் வருகிறார்

நொய்யல்கரை

வணக்கம் நண்பர்களே. ஜூன் முதல் வாரத்தில் ஒரு கருத்தரங்குக்காக ஓஸ்லோ வருகிறேன். அது முடிந்ததும் சில நாள் அங்கேயே தங்கி ஊரைப் பார்க்கலாம் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அம்மாவுக்கு வயது 66. கோவையில் தினமும் விடியற்காலையில் குளக்கரையைச் சுற்றி வருபவர். சமதரையில் நன்றாகவே நடப்பார். படி இறங்கும்போதுதான் வலது முழங்கால் தொல்லை கொடுக்கும். இருவரும் சைவம்.

வீடியோக்களில் எல்லோரும் அதே அரண்மனை, அதே சிலைப் பூங்கா, அதே ஓப்பெரா கூரை என்று காட்டிவிட்டு, நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடலான ஃபியோர்ட் பக்கம் போய்விடுகிறார்கள். ஊர் எப்படி உருவானது, அங்கே இருப்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று நடந்து தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. சுற்றுலா பஸ் ஏறாமல் அது முடியுமா? அருங்காட்சியகங்களுக்கும் பஸ், ட்ராமுக்கும் சேர்த்து விற்கும் ஓஸ்லோ பாஸ் அவசியமா? எங்கே ஆரம்பிப்பது?

மதுரைக்காரி

மனதில் பட்டதைச் சொல்கிறேன். நானும் கணவரும் கோடையில் போயிருந்தோம். ரயில் நிலையத்தில் இறங்கி கார்ல் யோஹான் தெருவில் நேராக நடந்தோம். பார்லிமென்ட், தேசிய நாடக அரங்கு, பல்கலைக்கழகம், தெருக்கோடியில் மேட்டின் மேல் அரண்மனை. ஒன்றரை கிலோமீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இடையில் இருப்பவை எந்த ஐரோப்பிய ஊரிலும் பார்க்கிற துணிக்கடைகள். ஸ்டாக்ஹோமின் பழைய நகரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கே பழசு என்று எதுவும் கண்ணில் படாது. விலையோ, காபி குடிக்கவே யோசிக்க வைக்கும்.

ஒரு நாள் போதும். மிச்ச நாளுக்கு பெர்கன் ரயிலைப் பிடியுங்கள். அம்மா ஜன்னலோரத்தில் உட்கார்ந்தே மலையும் பனியும் பார்ப்பார். முழங்காலுக்கும் நல்லது.

வடகடல்

தம்பி, வணக்கம். நான் ஒஸ்லோவிலதான் இருக்கிறன், பிள்ளையள் பிறந்து வளர்ந்ததும் இங்கதான். மதுரைத் தங்கச்சி சொன்னதில உண்மை இருக்கு. கார்ல் யோஹானில ஏறி இறங்கிப்போட்டுப் போற ஆக்களுக்கு இந்த ஊர் ஒண்டும் பெரிசாத் தெரியாது. ஆனா அந்தத் தெருவை வைச்சு ஊரை அளக்காதேங்கோ. ஒஸ்லோவைப் பாக்கிறதெண்டா தண்ணியோட நடக்கோணும், மேலயிருந்து கீழ.

வடக்கில காடு. காட்டின்ர காலடியில மரிடால் ஏரி. ஒஸ்லோச் சனம் குடிக்கிற தண்ணியில பெரும்பங்கு அந்த ஏரித் தண்ணிதான், அதால அதில ஒருத்தரையும் குளிக்க விடமாட்டினம். அங்கயிருந்து ஆக்கர்செல்வா ஆறு வெளிக்கிட்டு, எட்டுக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட ஓடி, நகரத்துக்கு நடுவால வந்து கடல்ல சேருது. ஏரி இருக்கிறது கடல் மட்டத்திலயிருந்து ஏறக்குறைய 150 மீற்றர் உயரத்தில. இந்தச் சின்னத் தூரத்தில அவ்வளவு இறக்கம் எண்டபடியால் வழி முழுக்க அருவி.

அந்த அருவிதான் ஊரை மாத்தினது. முதல் மர ஆலையளும் மா ஆலையளும் இருந்தது. பிறகு, நெசவு யந்திரங்களை வெளிநாட்டுக்கு விக்கக் கூடாதெண்டு வைச்சிருந்த தடையை இங்கிலாந்து 1843இல எடுத்துப்போட்டுது. உடன இங்கத்தை முதலாளிமார் யந்திரங்களை இறக்கி ஆத்தங்கரையில நூற்பாலையும் நெசவாலையும் கட்டிச்சினம். நீடாலனில பஞ்சாலையும் ஆணி ஆலையும், சாகெனேயில ஹியூலா நெசவாலை, அதுக்குக் கீழ பாய்மரத் துணி ஆலை. வேலை செய்தது கூடுதலா நாட்டுப்புறத்திலயிருந்து வந்த இளம் பெம்பிளைப் பிள்ளையள். பையர் பாலத்தில அந்த ஆலைப் பிள்ளையளுக்குச் சிலை வைச்சிருக்கினம். அருவி பக்கத்தில இரைஞ்சுகொண்டு விழுகுது, சிலைக்குப் பின்னால பழைய ஆலைச் செங்கல்லு. உங்கட அம்மா கோயம்புத்தூர் ஆள் எல்லே, அவாவுக்கு அந்த இடத்தில நான் ஒண்டும் விளக்கத் தேவையில்லை.

ஆலையள் மூடினாப் பிறகு ஆறு சாக்கடை மாதிரித்தான் கிடந்தது. 1980களின்ர கடைசிப் பக்கம்தான் கரையைச் சுத்தமாக்கி நடைபாதை போட்டு, ஆத்தோரம் முழுக்கப் பூங்காவாக்கினது. 2011இல தண்ணி சுத்திகரிக்கிற இடத்திலயிருந்து குளோரின் கசிஞ்சு மீனெல்லாம் செத்துப்போச்சு. அண்டைக்கு இங்கத்தைச் சனம் பட்ட கவலையைப் பாத்திருக்கோணும். பிறகு சல்மன் திரும்பி வந்திட்டுது. தலைநகரத்துக்கு நடுவில சல்மன் ஏறுற ஆறு எண்டு சொல்லேக்க இவையின்ர முகத்தில ஒரு வெளிச்சம் வரும்.

முழு ஆறும் நடக்கிறதெண்டா ட்ராமில ஷெல்சோஸ் வரை போய் அங்கயிருந்து இறங்குங்கோ. பாதி போதுமெண்டா நீடாலன் மெட்ரோவில இறங்குங்கோ. அங்கயிருந்து வழி இதுதான்:

சாகெனேயில ஹோன்ஸே லோவிசா வீடு எண்டு ஒரு சிவப்பு மரவீடு. வாஃபிளும் கோப்பியும் தருவினம், அருவிச் சத்தத்துக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடலாம். அதுக்குக் கிட்டத்தான் நான் சொன்ன பையர் பாலம். இன்னும் இறங்கினா பாய்மரத் துணி ஆலை. இப்ப அது தேசியக் கலைக் கல்லூரி, பிள்ளையள் வாசலில இருந்து படம் கீறிக்கொண்டிருப்பினம். அதுக்கு அங்கால ஓமுட் தொங்கு பாலம். 1852இல வேற ஒரு ஆத்துக்குக் கட்டின பாலம், 1962இல கழட்டிக் கொண்டுவந்து இங்க பூட்டினது. பாலத்தில எழுதியிருக்கிறதை ஆரிட்டையும் வாசிச்சுக் கேளுங்கோ: நூறு பேரைத் தாங்குவன், ஆனா தாளத்துக்கு அணிவகுத்து நடந்தா விழுந்திடுவன். படையள் ஒரே சீரில கால் வைச்சுப் போனா தொங்கு பாலம் ஆடி அறும் எண்ட பயத்தில எழுதினது.

பாலத்துக்குக் கீழ வுல்கான் எண்ட பழைய தொழிற்சாலைப் பகுதி, அதில மாத்ஹாலன் சாப்பாட்டுச் சந்தை. எதிர்க்கரையில உயரமான தானியக் குதிர் ஒண்டு நிக்கும். அதுக்குள்ள அறை அறையாப் பிரிச்சு மாணவர் விடுதி ஆக்கியிருக்கினம். பிறகு ஆங்கர் பாலம், நோர்வே நாட்டுப்புறக் கதையளில வாற ஆக்களின்ர வெண்கலச் சிலை நாலு மூலையிலயும். அதோட க்ரோன்லாந்த் எண்ட பகுதி வந்திடும். அங்க ஆறு நிலத்துக்குக் கீழ போயிடும். நீங்கள் தண்டவாளங்களுக்கு மேலால போற அக்ரொபாத்தன் நடைப்பாலத்தில ஏறி அங்கால இறங்கினா ஓப்பெரா. கடல்.

நீடாலனிலயிருந்து ஆறுதலா நடந்தா அரை நாள். பஸ்சும் வேண்டாம், பாசும் வேண்டாம்.

கல்தச்சன்

வடகடல் அக்கா விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். கட்டடக்கலை என் தொழில், அதனால் ஓப்பெரா இருக்கும் கடலோரப் பகுதியான பியோர்விக்கா பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓப்பெரா திறந்தது 2008 ஏப்ரலில். வடிவமைத்தவர்கள் ஸ்னோஹெத்தா, அலெக்சாந்திரியாவின் புது நூலகத்தைக் கட்டிய அதே ஓஸ்லோ நிறுவனம். கூரை பெரும்பாலும் வெள்ளைச் சலவைக்கல். அது சரிந்து சரிந்து வந்து கடல் நீருக்குள்ளேயே இறங்குகிறது. உள்ளே நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவரும் வாங்காதவரும் அதே கூரையில் ஏறி நிற்கலாம். அரசுப் பணத்தில் கட்டிய கட்டடத்தின் உச்சி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே கல்லில் நிற்கிறது. நம் ஊர்களில் பொதுக்கட்டடம் என்றால் முதலில் எழும்புவது காம்பவுண்டு சுவர், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இத்தாலியக் கல் எதற்கு, நார்வேயில் இல்லாத கல்லா என்று அப்போது பெரிய சண்டை. போட்டபின் கல் மஞ்சளடித்ததும் இன்னொரு சுற்றுச் சண்டை. பின்னால் வரிசையாக எழுந்த பார்கோட் உயரக் கட்டடங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே சுவராகிவிட்டன என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் குறையில் எனக்கும் பாதி உடன்பாடு. ஆனால் அங்கே முன்பு என்ன இருந்தது என்பதை மறக்கக் கூடாது. துறைமுகக் கொட்டகைகளும் நெடுஞ்சாலையும்தான். 2010இல் அந்தச் சாலையைக் கடலடிச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள், அதன் பிறகுதான் கரை மனிதர் நடக்கும் இடமானது. இப்போது கடலோரம் 9 கிலோமீட்டருக்குத் தொடர்ச்சியாகத் துறைமுக நடைபாதை உண்டு. ஆரஞ்சு நிறத் தகவல் கோபுரங்களைப் பின்தொடர்ந்தால் வழி தவறாது.

அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை. கூரையில் ஏற படி தேவையில்லை, சரிவுதான். ஆனால் கற்பலகைகள் வேண்டுமென்றே சமமில்லாமல் பதிக்கப்பட்டவை. சின்னச் சின்ன விளிம்புகள் காலைத் தட்டும். ஈரமாக இருந்தால் ஏற வேண்டாம். வெயில் நாளில் கறுப்புக் கண்ணாடி அவசியம், வெள்ளைக் கல் கண்ணைக் கூசும்.

ஓப்பெராவுக்கு எதிரிலேயே டைக்மன் நூலகம், 2020இல் திறந்தது. கட்டணம் இல்லை. உள்ளே மேல்மாடியில் மரத்தாலான ஒரு சிறு அறை இருக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். 2014இல் கேட்டி பேட்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலைஞர் ஓஸ்லோவுக்கு வடக்கே காட்டில் ஆயிரம் மரக்கன்றுகள் நடச் செய்தார். ஆண்டுக்கு ஒரு எழுத்தாளர் ஒரு கையெழுத்துப் பிரதியை ஒப்படைக்கிறார். முதலில் கொடுத்தவர் மார்கரெட் அட்வுட். யாரும் படிக்கக் கூடாது. 2114இல் அந்த மரங்களை வெட்டிக் காகிதம் செய்து அச்சிடுவார்கள். பிரதிகள் இருப்பது அந்த அறையின் சுவர்களுக்குள். நூறு ஆண்டுக்குப் பிறகும் காடு இருக்கும், நூலகம் இருக்கும், படிப்பவர் இருப்பார் என்று நம்பும் ஒரு நகரத்தை ஒரு நாளில் முடித்துவிட முடியாது, மதுரைக்காரி.

நொய்யல்கரை

அக்கா, கல்தச்சன் சார், இருவருக்கும் நன்றி. ஆலைப் பெண்கள் சிலையைப் பற்றி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் அங்கேதான் போக வேண்டும் என்கிறார். அம்மாவும் மில்லில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்.

கேள்விகள்: ஆற்றோரப் பாதையில் படிக்கட்டு நிறைய வருமா? வழியில் கழிப்பறை? பாதியில் அம்மாவுக்கு முடியாமல் போனால் என்ன செய்வது?

வடகடல்

பாதை கூடுதலா மண்ணும் தாரும். தள்ளுவண்டிலில பிள்ளையை வைச்சுக்கொண்டு சனம் ஓடித் திரியிற பாதைதான். அருவிகளுக்குக் கிட்டச் சில இடங்களில படி வரும், செங்குத்தான இறக்கமும் வரும். அப்பிடி வந்தா மற்றக் கரைக்குப் பாலத்தால மாறிப் பாருங்கோ, அனேகமா மெல்லிய சரிவு ஒண்டு இருக்கும். முழங்கால் நோ உள்ளவை இறக்கத்தில கைத்தடி பிடிக்கிறது நல்லது. இங்க மலையில நடக்கிறவை எல்லாரும் இரண்டு கையிலயும் தடி பிடிச்சுக்கொண்டுதான் நடக்கினம், ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம்.

கழிப்பறை: வெளிக்கிடேக்க நீடாலனில, பிறகு கோப்பிக் கடையில, மாத்ஹாலனில, கடைசியா நூலகத்தில. தெருவில இருக்கிறதுகள் சிலதுக்கு வங்கிக் காட்டால காசு கட்டோணும்.

ஏலாமப் போனா பயப்பிட ஒண்டுமில்லை. ஆத்திலயிருந்து ரெண்டு தெரு ஏறினா பஸ்சோ ட்ராமோ வரும்.

பழஞ்சுவடி

பழசு எதுவும் கண்ணில் படவில்லை என்று மதுரைக்காரி எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. அது இந்த ஊரின் கதையே.

பழைய ஓஸ்லோ கிழக்கே, ஏக்கபெர்க் குன்றின் அடிவாரத்தில் இருந்த மர நகரம். 1624இல் தீப்பிடித்து எரிந்துபோனது. அப்போது டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்து ஆண்ட நான்காம் கிறிஸ்டியன், அதே இடத்தில் கட்டக் கூடாது என்று சொல்லி, ஆக்கர்ஷுஸ் கோட்டையின் பீரங்கிகளுக்குக் கீழே புது நகரத்தை அமைத்தார். தீ தாண்டாதபடி அகலமான தெருக்கள், கட்டம் கட்டமாக. மரவீடு கட்டத் தடை. பெயரும் கிறிஸ்டியானியா என்று அவர் பெயரே ஆயிற்று. 300 ஆண்டு கழித்து, 1925 ஜனவரி 1ஆம் தேதி ஊர் தன் பழைய பெயரை மீட்டுக்கொண்டது.

அந்தக் கட்டத்துக்கு இப்போதும் க்வாட்ராதூரன் என்றே பெயர். கார்ல் யோஹானில் போகிறவர்கள் அதை இடது கைப்பக்கம் விட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். பார்லிமென்டுக்கு முன்பே இடப்பக்கம் திரும்பி, கடலை நோக்கி நாலு தெரு நடந்து பாருங்கள். கிறிஸ்டியானியா சதுக்கத்தில் நீரூற்றுக்கு நடுவே தரையைச் சுட்டிக்காட்டும் ஒரு பெரிய கையுறைச் சிலை இருக்கும். நகரம் இங்கேதான் அமையும் என்று அரசர் விரல் நீட்டியதாகச் சொல்லும் கதைக்கு அது அடையாளம். அங்கிருந்து கோட்டைக்கு ஐந்து நிமிடம். கோட்டை வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. 1300 வாக்கில் தொடங்கிய மதில், உச்சியிலிருந்து முழு ஃபியோர்டும் தெரியும்.

கோட்டைக்குக் கீழே துறைமுகப் பக்கம் ஆண்டனி கோர்ம்லி செய்த வெற்று நாற்காலிகள் கிடக்கின்றன. 1942 நவம்பர் 26ஆம் தேதி அந்தத் துறையிலிருந்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நார்வே யூதர்களை டோனாவ் என்ற கப்பலில் ஏற்றினார்கள். ஆஷ்விட்சுக்கு. ஊருக்குள் நடக்கும்போது சில வீட்டு வாசல்களில் நடைபாதைக் கற்களுக்கு நடுவே சிறு பித்தளைக் கற்கள் மின்னும். அந்த வீட்டில் வாழ்ந்து கொண்டுபோகப்பட்டவரின் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த இடம். பஸ்ஸில் போனால் இது எதுவும் கண்ணில் படாது.

பழைய மரவீடுகள் வேண்டுமானால் தாம்ஸ்த்ரேதெ, தெல்த்ஹுஸ்பாக்கன் என்ற இரண்டு சந்துகள். வுல்கானிலிருந்து மேற்கே ஏறினால் வரும். உருளைக்கல் பதித்த சரிவு, மஞ்சளும் சிவப்புமாகக் குட்டி வீடுகள், மேட்டில் 12ஆம் நூற்றாண்டின் கல் தேவாலயம். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நாடகாசிரியர் இப்சனும் ஓவியர் முங்க்கும் இருக்கிறார்கள். அம்மாவை உருளைக்கல்லில் இறக்க வேண்டாம், ஏறி மட்டும் போங்கள், திரும்பி வர வேறு நல்ல தெரு இருக்கிறது.

மதுரைக்காரி

நான் அந்த ஆற்றுப் பக்கம் போகவே இல்லை, படித்தபின் ஆசை வருகிறது. ஆனால் என் இரண்டாவது புள்ளியில் மாற்றமில்லை. ஊர் விலை அதிகம். இருவர் மூன்று வேளை வெளியில் சாப்பிட்டால் பயணக் கணக்கே புரண்டுவிடும். சைவம் என்றால் தேர்வும் குறைவு.

அப்புறம் விகெலாந்த் சிலைப் பூங்காவை யாரும் சொல்லவில்லையே? எனக்கு அந்த ஊரில் பிடித்த ஒரே இடம் அதுதான். குஸ்தாவ் விகெலாந்த் என்ற ஒரே சிற்பியின் இருநூறுக்கும் மேற்பட்ட சிலைகள். நடுத்தூணில் ஒரே கிரானைட் கல்லில் 121 மனித உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொண்டு நிற்கின்றன. மூன்று கல்தச்சர்கள் 14 ஆண்டு செதுக்கினார்களாம். அங்கே அரசனுக்கும் தளபதிக்கும் சிலை இல்லை, கடவுளுக்கும் இல்லை. குழந்தையைத் தூக்கிப் போட்டு விளையாடும் அப்பா, சண்டை போடும் தம்பதி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருக்கும் கிழவிகள், காலை உதைத்து அழும் பொடியன். பகலில் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கி, அழும் பொடியன் கையைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டுப் போகிறது. அதனால்தான் நேரம் பார்த்துப் போகச் சொல்கிறேன்.

புளின்டர்ன்_மாணவன்

நான் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன், சொந்த ஊர் தஞ்சாவூர். விலை பற்றி நான் சொல்லலாம், உதவித்தொகையில் ஓட்டுகிறவன்.

பூங்காவுக்கு மூடும் நேரம் கிடையாது, நாள் முழுக்கத் திறந்திருக்கும், கட்டணமும் இல்லை. ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். மாலை எட்டு மணிக்குப் போனால் பஸ் கூட்டம் போயிருக்கும், சாய்வெயில் சிலைகள் மேல் விழும். புல்வெளியில் ஊர்க்காரர்கள் மட்டும் படுத்திருப்பார்கள். இந்த வெளிச்சத்தை மறந்து பலரும் திட்டம் போடுகிறார்கள். பகலில் வெயிலில் ஓடி, மாலை ஆறு மணிக்கு அறைக்குத் திரும்புகிறார்கள். அம்மாவை மதியம் நன்றாகத் தூங்கவிட்டு மாலையில் இரண்டாம் நடை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: இந்த நாட்டில் பொட்டலம் கட்டிக்கொண்டு போவது கௌரவக் குறைவு இல்லை. அலுவலகத்திலும் பள்ளியிலும் மலையிலும் எல்லோரும் காகிதத்தில் சுற்றிய ரொட்டியைத்தான் பிரிக்கிறார்கள். நீங்கள் சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்து, எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ கட்டிக்கொண்டு ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம். தயிர், ரொட்டி, பழம் எல்லாம் ரெமா, கிவி போன்ற கடைகளில் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே அருமை.

டிக்கெட்: பஸ், ட்ராம், மெட்ரோ, தீவுகளுக்குப் போகும் படகு எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. நகரப் போக்குவரத்து நிறுவனமான ரூட்டரின் செயலியில் 24 மணி நேரச் சீட்டு எடுத்தால் அன்று முழுக்கக் கவலையில்லை. விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறாமல் சாதாரண ரயிலில் ஏறுங்கள். சில நிமிட வித்தியாசம்தான், கட்டணம் நன்றாகக் குறையும்.

ஓஸ்லோ பாஸ் எல்லா நாளுக்கும் வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் நுழைவுக் கட்டணமே இல்லை. முங்க் அருங்காட்சியகம், தேசிய அருங்காட்சியகம், பிக்தோய் தீபகற்பத்தில் ஃப்ராம் கப்பலுக்கும் கோன்-டிகி தெப்பத்துக்கும் உள்ள அருங்காட்சியகங்கள் என்று ஒரே நாளில் அடுக்குகிறீர்கள் என்றால் அந்த நாளுக்கு மட்டும் வாங்குங்கள். வைக்கிங் கப்பல்களைத் தேடிப் போக வேண்டாம், அந்த அருங்காட்சியகம் 2022 முதல் மூடியிருக்கிறது, பெரிதாக்கிக் கட்டுகிறார்கள். முங்க்கின் அலறல் ஓவியத்தின் 1893ஆம் ஆண்டு வடிவம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை.

ஜனவரிப்பயணி

இந்த இழையைக் குளிர்காலத்தில் தேடி வருபவர்களுக்காக ஒரு குறிப்பு. நொய்யல்கரைக்குத் தேவைப்படாது.

டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்தான். காலை ஒன்பதுக்கு மேல் விடிந்து, மூன்று மணி தாண்டியதும் இருட்டிவிடும். நடக்க முடியாத ஊரா என்றால் இல்லை. குளிரைவிட ஆபத்து பனி உருகி மறுபடி உறைந்த நடைபாதை. பொடிக்கல் தூவி வைப்பார்கள், அது போதாது. காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புமுள் பட்டை மருந்துக்கடையிலும் விளையாட்டுக் கடையிலும் கிடைக்கும், முதல் நாளே வாங்குங்கள். கூரையிலிருந்து பனிக்கட்டி சரியும் இடங்களில் நடைபாதையைக் கம்பு வைத்து மறித்திருப்பார்கள். அந்தக் கம்பைத் தாண்டி நடக்க வேண்டாம். ஆக்கர்செல்வா அருவிகள் பாதி உறைந்து தொங்கும், நடுவில் மட்டும் தண்ணீர் ஓடும். ஓப்பெராவுக்கு எதிரே மிதக்கும் நீராவிக் குடில்களிலிருந்து வேர்த்துக் கொட்ட வெளியே வந்து அப்படியே கடலில் குதிக்கிறார்கள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கே உடம்பு சிலிர்த்தது.

வடகடல்

மாணவத் தம்பி சாப்பாட்டைப் பற்றிச் சொல்லேக்க க்ரோன்லாந்தை விட்டிட்டார். ஆறு நிலத்துக்குக் கீழ போற இடம். பாகிஸ்தான் ஆக்கள், சோமாலியர், எங்கட சனம் எல்லாரின்ரயும் கடையள். வெண்டிக்காய், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும், மரக்கறி பெரிய கடையளை விட மலிவு. பயணக் கையேடு சிலது அந்தப் பக்கம் கவனம் எண்டு எழுதுது. பகல்ல அம்மாவோட வடிவா நடக்கலாம்.

நோர்வேக்கும் எங்களுக்கும் உள்ள தொடர்பு பழசு. 1956இலயே குருநகர் அந்தோனி ராஜேந்திரம் மீன்பிடி படிக்க இங்க வந்தவர். யாழ்ப்பாணத்தில சீநோர் எண்டு படகும் வலையும் செய்யத் தொடங்கினது அவரும் நோர்வே நண்பர்களும் சேர்ந்துதான். எண்பதுகளில சண்டைக்குத் தப்பி வந்த நாங்கள் அவையின்ர வழியிலதான் வந்தம்.

நகர மண்டபத்துக்கு உள்ள கட்டாயம் போங்கோ. வெளியில ரெண்டு செங்கல் கோபுரம், பாக்கக் கொஞ்சம் முரடாத்தான் இருக்கும். 1950இல திறந்தது. உள்ள மண்டபத்தின்ர சுவர் முழுக்க நிறம்: மீன் பிடிக்கிறவை, ஆலைத் தொழிலாளர், ஜேர்மன்காரன் பிடிச்சு வைச்சிருந்த காலம், எல்லாம் கீறி வைச்சிருக்கினம். 1990இலயிருந்து ஒவ்வொரு டிசம்பர் 10ஆம் திகதியும் சமாதான நோபல் பரிசு குடுக்கிறது அந்த மண்டபத்திலதான். அதே மண்டபத்தில 2015இலயிருந்து 2021 வரை துணை மேயரா இருந்தது கம்சாயினி குணரத்தினம், எங்கட பிள்ளை. 2011 ஜூலை 22 உதோயா தீவில சுட்டவனிட்டயிருந்து தண்ணியில நீந்தித் தப்பினவா. அண்டைக்கு அந்தத் தீவிலயும் ஒஸ்லோ குண்டுவெடிப்பிலயுமா 77 பேர் போனவை. பேராலயத்துக்கு முன்னால இரும்பு ரோசாப்பூக்கள் நட்டிருக்கினம், ஆயிரம் பூ. அதில கொஞ்ச நேரம் நில்லுங்கோ தம்பி.

அம்மா கோயிலுக்குப் போக ஆசைப்பட்டா அம்மரூட்டில சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கு, மெட்ரோவில போகலாம். அங்க கண்டு கதைச்சா ஒஸ்லோ உங்களுக்கு இன்னும் கிட்ட வரும்.

நொய்யல்கரை

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து போட்ட திட்டம் இது, தவறு இருந்தால் திருத்துங்கள்.

முதல் நாள் காலை நீடாலனிலிருந்து ஆறு, ஹோன்ஸே லோவிசாவில் வாஃபிள், ஓமுட் பாலம், மாத்ஹாலன் வரை. அங்கே நிறுத்திவிட்டு ட்ராமில் அறை, மதியத் தூக்கம். மாலை க்ரோன்லாந்த் கடைகள், அக்ரொபாத்தன் பாலம், நூலகம், ஓப்பெரா கூரை. இரண்டாம் நாள் காலை கையுறைச் சிலை, கோட்டை, நகர மண்டபம், மாலை எட்டு மணிக்கு விகெலாந்த். மூன்றாம் நாள் அருங்காட்சியகங்கள், பாஸோடு. நாலாம் நாள் கோயில். தீவுப் படகு எங்கே நுழைப்பது என்று தெரியவில்லை. பெர்கன் ரயில் இந்த முறை வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

மதுரைக்காரி

அம்மா சொன்னால் சரிதான். படங்கள் போடுங்கள், அந்தச் சிலைக்குப் பக்கத்தில் அம்மா நிற்கும் படம் கட்டாயம்.

வடகடல்

திட்டம் நல்லாயிருக்கு. ரெண்டு திருத்தம். நகர மண்டபத்தில நிகழ்ச்சி இருந்தா மூடிவிடுவினம், முதல் நாளே இணையத்தில பாருங்கோ. நூலகம் சனி, ஞாயிறு வெள்ளனப் பூட்டும், அந்த நாளெண்டா ஓப்பெராவைக் கடைசிக்கு வைச்சு நூலகத்தை முதல் பாருங்கோ.

தீவுக்கு ரெண்டாம் நாள் மத்தியானம் போங்கோ. நகர மண்டபத்துக்கு முன்னாலயே படகுத்துறை, ஹூவெதோயா முதல் தீவு, பத்து நிமிசமும் ஆகாது. 1147இல இங்கிலாந்துத் துறவிகள் வந்து கட்டின மடத்தின்ர இடிபாடு இருக்கு, சுத்தி நடக்க நல்ல மண்பாதை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கோ. வெயில் நாள் பின்னேரம் திரும்பிற படகில இளம் பெடியள் நிறைஞ்சு வழிவினம், இருக்க இடம் கிடையாது. மூண்டு மணிக்கு முதல் ஏறினா அம்மா இருந்துகொண்டு வரலாம்.